நாவல் எழுதக் கற்றுத்தரும் கைடுகளில் எதை நம்பலாம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. அரிசி டப்பா, கேஸ் அடுப்பு, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணி என்று அம்மா ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த ஆறு அட்டைப்பெட்டிகள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும்தான். அவற்றில் இருந்தது என் முதல் நாவல். முந்நூறு பிரதி அச்சடித்து, நாற்பது விற்று, முப்பதைச் சொந்தக்காரர்களுக்கும் ஆபீஸிலும் கொடுத்தது போக மிச்சம் அத்தனையும் அங்கேதான் கிடந்தது. மறுநாள் பெட்டியைப் பிரித்தால் அடிவரிசைப் புத்தகங்கள் டீயில் ஊறிய பன் மாதிரி உப்பியிருந்தன.

முந்நூறு அச்சடிக்கச் சொன்னது ஒரு கைடு. அதிகம் அடித்தால் ஒரு பிரதியின் அடக்க விலை குறையும் என்று அழகாகக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கணக்கில் தப்பில்லை. அத்தனையையும் எங்கே விற்பது என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி கிடையாது. அந்தக் கைடை வெளியிட்டவர்கள் அச்சடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் என்பது எனக்கு உறைத்ததே தண்ணீர் வடிந்த பிறகுதான்.

இன்றைக்கு எழுத ஆரம்பிக்கிறவருக்குக் கைடு கிடைப்பது ஒரு பிரச்சினையே இல்லை. யூடியூப், பிடிஎஃப், ஞாயிற்றுக்கிழமை ஜூம் வகுப்பு, வாட்ஸப் குழு என்று கொட்டிக் கிடக்கிறது. அதில் எதைத் தள்ளுவது என்பதுதான் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் கோனார் உரை வைத்துப் படித்து வந்த நமக்குக் கைடு என்று போட்டிருந்தாலே நம்பிவிடும் பழக்கம் இருக்கிறது. அங்கே அதில் இருப்பதை எழுதினால் மார்க் விழும். நாவலுக்கு விடைத்தாள் திருத்துவது யார் என்றே தெரியாது. நான் பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பத்துப் பக்கம் எழுதிவிடுங்கள்

எந்தக் கைடையும் திறப்பதற்கு முன்னால் உங்கள் நாவலில் பத்துப் பக்கம் எழுதிவிடுங்கள். நன்றாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. எழுதினால்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். எனக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. ஒரு காட்சியை எங்கே நிறுத்துவது என்று புரியவில்லை. ஒரே அறையில் ஐந்து பேர் பேசினால் எந்த வரியை யார் சொல்கிறார் என்பது எனக்கே குழம்பியது. இந்த இரண்டையும் ஒரு நோட்டில் கேள்வியாக எழுதி வைத்தேன்.

அதற்கு முன்னால் ஒரு வரிகூட எழுதாமல் ஏழு மாதம் வீடியோ பார்த்திருக்கிறேன். எல்லாமே பிரமாதமாகத்தான் இருந்தது. பசியில்லாதவர் ஓட்டலில் மெனு கார்டு படிப்பதைப்போல.

நோட்டில் கேள்வி இருந்தால் ஒரு கைடை எடைபோடப் பத்து நிமிடம் போதும். பொருளடக்கத்தில் உங்கள் கேள்வியைத் தேடுங்கள். அந்த இடத்தை மட்டும் படியுங்கள். ஏதாவது ஒரு வழியை உதாரணத்தோடு காட்டியிருந்தால் மேலே படிக்கலாம். ‘உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள்’ என்று முடித்திருந்தால் மூடிவிடுங்கள்.

செவுளைத் தூக்கிப் பாருங்கள்

காசிமேட்டில் மீன் வாங்கத் தெரிந்தவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா? கைடுக்குச் செவுள் அதன் தேதி.

எழுதும் கலையைப் பற்றிய யோசனைகள் கருவாடு மாதிரி, வருஷக்கணக்கில் கெடாது. அம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உரையாடலைப் பற்றி எழுதியது இன்றைக்கும் உதவும். வெளியிடுவதைப் பற்றிய யோசனைகள் அப்படியில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் போட்ட அச்சுச் செலவுக் கணக்கை வைத்துக்கொண்டு இன்று அச்சகத்துக்குப் போக முடியாது. நவம்பர் மாதத்துக்குள் 50,000 வார்த்தை எழுதச் சொல்லும் நானோரைமோ என்ற அமெரிக்க முயற்சி 1999இல் தொடங்கியது. அதை நடத்திய அமைப்பு மூடப்போவதாக 2025இல் அறிவித்துவிட்டது. இன்னமும் ‘அங்கே போய்ப் பதிவு செய்யுங்கள்’ என்று சொல்லும் கைடுகள் புழங்குகின்றன. அதை எழுதியவர் தன் கைடைத் தானே திரும்பப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மற்ற விஷயத்தை மட்டும் பார்த்திருப்பாரா?

தேதியே போடாத கைடு என்றால், வெளியீட்டைப் பற்றி அது சொல்லும் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விடை தெரிந்த கேள்வியைக் கேளுங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். ஒரு புது ஆள் நம்பகமானவரா என்று பார்க்க, நமக்கு ஏற்கெனவே விடை தெரிந்த ஒன்றை அவரிடம் கேட்போம் இல்லையா? அதே வேலையைக் கைடிடமும் செய்யலாம். மூன்று கேள்வி போதும்.

ஒன்று, புத்தகத்துக்கு அடையாளமாகப் போடும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு எவ்வளவு செலவு? இந்தியாவில் அது இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் ஐஎஸ்பிஎன் முகமை அதைக் கொடுக்கிறது. எழுதியவரே வெளியிடுவதாக இருந்தாலும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ‘ஐஎஸ்பிஎன் கட்டணம்’ என்று ஒரு தொகை போட்டிருந்தால், ஒன்று அவருக்கு விவரம் தெரியாது, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கூலி என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டால் அது வேறு விஷயம்.

இரண்டு, பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? வேண்டாம். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியபோதே உரிமை உங்களுடையது. பதிவு என்பது பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு ஒரு சான்று. இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ‘பதிவு செய்யாவிட்டால் யாராவது கதையைத் திருடிவிடுவார்கள்’ என்று பயமுறுத்திவிட்டு, அடுத்த பக்கத்திலேயே ‘நாங்கள் பதிவு செய்து தருகிறோம்’ என்று வந்தால் அது கைடு இல்லை, விளம்பர நோட்டீஸ்.

மூன்று, அமேசான் கிண்டிலில் 70 சதவீத ராயல்டி, அதாவது விற்றதில் எழுதியவருக்கு வரும் பங்கு, எப்போது கிடைக்கும்? இந்தியாவில் விற்பதற்கு அந்த விகிதம் வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். இல்லாவிட்டால் 35தான். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. ‘கிண்டிலில் 70 சதவீதம் வாங்குங்கள், அதே சமயம் பிரதிலிபி ஆப்பிலும் தொடராகப் போடுங்கள்’ என்று சொல்கிற கைடு உங்களை மாட்டிவிடும்.

இப்போது மெஷின் எழுதிய கைடுகளும் நிறைய வருகின்றன. மொழி வழுக்கிக்கொண்டு போகும், தலைப்புகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். அவற்றையும் இந்த மூன்று கேள்வியால் வடிகட்டலாம். மனிதர் எழுதியதா மெஷின் எழுதியதா என்று ஆராய்வதைவிட, சரியா தப்பா என்று பார்ப்பது சுலபம்.

எந்த ஊருக்கு எழுதிய கைடு?

ஆங்கிலத்திலிருந்து அப்படியே தமிழாக்கிய ஒரு பிடிஎஃப்பைக் காசு கொடுத்து வாங்கி, எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசும் இலக்கிய முகவருக்கு எழுதும் விண்ணப்பக் கடிதத்தை மூன்று வாரம் செதுக்கியவள் நான். பிறகுதான் விசாரித்தேன், யாருக்கு அனுப்புவது என்று. தமிழ்ப் பதிப்புலகில் முகவர் மூலம் போவது வழக்கம் இல்லை. எழுதியவரே பதிப்பகத்துக்கு நேராக அனுப்புவார், இல்லையென்றால் தெரிந்த எழுத்தாளர் யாராவது சொல்லி அனுப்புவார்கள். அமெரிக்கப் பதிப்புலகத்துக்கு அந்தக் கடிதம் உயிர்நாடி. அந்த பிடிஎஃப் பொய் சொல்லவில்லை, நியூயார்க்குக்கு வழி சொன்னது. நான் தண்டையார்பேட்டையில் நின்றுகொண்டு அந்த வழியில் நடந்தேன், அவ்வளவுதான்.

வார்த்தைக் கணக்கும் அப்படித்தான். முதல் நாவல் 80,000 வார்த்தை இருக்க வேண்டும் என்று ஆங்கிலக் கைடுகள் சொல்வதைத் தமிழுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. ‘வரமுடியாதவர்களுக்காகத்தான்’ என்பது நமக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஏழெட்டு வார்த்தை பிடிக்கும். 80,000 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டால், அவர்கள் மனதில் வைத்திருப்பதைவிட ரொம்பவே பெரிய புத்தகத்தை எழுதிவிடுவீர்கள். நான் எழுதினேன். தமிழில் அச்சான பிறகு எத்தனை பக்கம் வரும் என்று கேட்பதுதான் பிரயோஜனம். உங்களுக்குப் பிடித்த நாவல் ஒன்றில் ஒரு பக்கத்தின் வார்த்தைகளை எண்ணி, மொத்தப் பக்கத்தால் பெருக்குங்கள். உங்கள் அளவுகோல் அதுவே.

காலண்டரும் வேறு. இங்கே பதிப்பகங்களின் வருஷம் ஜனவரியைச் சுற்றி ஓடுகிறது. புத்தகப் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி 1977இலிருந்து நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகத்தைக் கொண்டுவர எல்லோரும் அக்டோபரிலிருந்தே ஓடுவார்கள். டிசம்பரில் கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று மனசு உடைந்தால் தப்பு நம்முடையது. பிப்ரவரிக்கு அப்புறம் அனுப்புவது நல்லது. இதைச் சொல்லாத வெளியீட்டுக் கைடு தமிழ்நாட்டில் உட்கார்ந்து எழுதியதில்லை என்று தாராளமாக முடிவு கட்டலாம்.

யோசனையை உங்கள் பத்தியில் போட்டுப் பாருங்கள்

எழுத்துக் கலை பற்றிய கைடுகளை எடைபோட வாதம் செய்து பிரயோஜனமில்லை. உங்கள் பத்தி ஒன்றை எடுத்து, அது சொல்கிறபடி மாற்றி எழுதிப் பாருங்கள். ‘சொல்லாதே, காட்டு’ என்பது எல்லாக் கைடிலும் இருக்கிற யோசனை. என் நாவலில் முதலில் இப்படி இருந்தது:

“பரிமளாவுக்குப் பயமாக இருந்தது. அப்பா இன்னும் கடலிலிருந்து திரும்பவில்லை.”

கைடு சொன்னபடி காட்டினேன்:

“பரிமளாவின் நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வியர்த்தது. தொண்டை வறண்டது.”

இதில் எதுவும் காட்டப்படவில்லை. பயம் என்ற ஒரு வார்த்தைக்குப் பதிலாக, எல்லோரும் எழுதுகிற மூன்று வாக்கியம் வந்திருக்கிறது. அப்பாவையும் கடலையும் காணோம். இந்த ஆள் காசிமேட்டில் இருந்தால் என்ன, கான்பூரில் இருந்தால் என்ன? பிறகு இன்னொரு கைடில், ‘பாத்திரம் அந்த நேரத்தில் கையால் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேள்’ என்று இருந்தது. அதைப் போட்டுப் பார்த்தேன்:

“ஐஸ் வண்டிகள் கிளம்பிப் போய்விட்டன. விடியற்காலை வந்த படகுகளில் வலையை உதறி மடித்தாயிற்று. பரிமளா குழம்புக்கு மூன்றாவது முறையாகப் புளி கரைத்தாள்.”

இது பரவாயில்லை. இரண்டாவது கைடு பிழைத்தது, முதல் கைடு போனது. ஆனால் முதலில் எழுதிய இரண்டு வரியும் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்த அத்தியாயம் முழுக்க அவள் காத்திருக்கப்போகிறாள் என்றால் புளி கரைக்கட்டும். அடுத்த வரியிலேயே அப்பா வந்துவிடப்போகிறார் என்றால் ‘பயமாக இருந்தது’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவதுதான் நல்லது. பாட்டி சொல்கிற கதையில் பாதி சொல்வதுதானே, நாம் கேட்காமலா இருந்தோம்? ‘ஒருபோதும்’, ‘எப்போதும்’ என்று சட்டம் போடுகிற கைடைவிட, எப்போது வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிற கைடு மேல்.

வட சென்னையை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, பேச்சுமொழி. ஒரு கைடு ‘எல்லா மாவட்டத்துக்காரர்களுக்கும் புரிகிற பொதுத்தமிழில் உரையாடல் எழுது’ என்கிறது. இன்னொன்று ‘வட்டார மொழியை அள்ளித் தெளி’ என்கிறது. இரண்டையும் ராயபுரத்தில் இருக்கும் என் சித்தியை வைத்துச் சோதித்தேன். அவர் மீன்காரரிடம் “இன்னா நைனா, காலைலேந்து இங்கேயே குந்தினுகீற?” என்பார். அதே ஆள் பேங்கில் “சார், பாஸ்புக் என்ட்ரி போடணும்” என்பார். என் தங்கையிடம் பேசுவது மூன்றாவது மாதிரி. வார்த்தைக்கு வார்த்தை ‘கஸ்மாலம்’ போடுவதெல்லாம் சினிமாவில்தான். யாரிடம் பேசும்போது மொழி எப்படி மாறுகிறது என்று யோசிக்க வைக்கிற கைடை நான் இதுவரை ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். அது தமிழ்க் கைடும் இல்லை.

கூடவே ஒரு சின்ன வேலை செய்துகொள்ளுங்கள். ‘கீது’வா ‘இருக்குது’வா, ‘இஸ்துகினு’வா ‘இழுத்துக்கினு’வா என்று நீங்கள் எழுதப்போகும் விதத்தை ஒரு தாளில் பட்டியல் போட்டு மெய்ப்புத் திருத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் ‘இருக்கிறது’ ஆக்கிவிடுவார்.

பிடித்த மூன்று நாவல்

இதற்குச் செலவே இல்லை. உங்களுக்கு உயிரான மூன்று நாவலை எடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை பக்கம், யார் கண்ணால் பார்க்கிறோம், எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் நிற்கிறது. சலிப்பான வேலைதான். எனக்கு ஒரு நாவலுக்கு நான்கு ராத்திரி பிடித்தது. ஆனால் காட்சியை எங்கே முடிப்பது என்ற என் கேள்விக்கு விடை எந்தக் கைடிலும் கிடைக்கவில்லை, இந்த நோட்டில்தான் கிடைத்தது. அந்த எழுத்தாளர்கள் நான் நிறுத்துவதற்கு அரைப் பக்கம் முன்னாலேயே நிறுத்தியிருந்தார்கள்.

இந்த நோட்டு கையில் இருந்தால் அடுத்த கைடு தப்பிக்க முடியாது. ‘கதையின் கால்பாகத்தில் பெரிய திருப்பம் வந்தே ஆக வேண்டும்’ என்று அது சொன்னால் உங்கள் மூன்று நாவலில் புரட்டிப் பாருங்கள். மூன்றிலும் இல்லையென்றால் அந்த விதி உங்களுக்கானதில்லை. இந்த மாதிரியான விதி நிறைய ஹாலிவுட் திரைக்கதைப் பயிற்சியிலிருந்து நாவலுக்கு வந்து சேர்ந்தவை. இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஒன்றுக்குச் சொன்னது. துப்பறியும் கதை எழுதுகிறவருக்குப் பொருந்தலாம், மூன்று தலைமுறைக் கதை எழுதுகிறவரைக் கட்டிப்போட்டுவிடும்.

காசு எந்தப் பக்கம் போகிறது?

பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் பில் போடுவது என் வேலை. ஒரு காகிதத்தைப் பார்த்ததும் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் கண் போகும். நாவல் விஷயத்தில் மட்டும் அந்தக் கண் எங்கே போயிருந்ததோ.

பதிப்பகம் என்றால் அச்சுச் செலவை அவர்கள் போடுவார்கள், விற்றதில் உங்களுக்கு ராயல்டி தருவார்கள். தமிழில் பத்து சதவீதம் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. நீங்கள் காசு கொடுத்து அவர்கள் அச்சடித்தால் அதன் பெயர் சேவை. சேவை வாங்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் சேவையை வாங்கிக்கொண்டு உரிமையையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன். நான் காசு கொடுத்து வாங்கிய அச்சு பேக்கேஜோடு வந்த தாளில், அச்சு, மின்னூல், ஒலி, காட்சி, மொழிபெயர்ப்பு உள்ளிட்ட சகல உரிமைகளும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்று ஒரு வரி இருந்தது. பதிப்புரிமைக் காலம் என்றால் எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும். நான் செத்து அறுபது வருஷம் வரைக்கும், என் காசில் அச்சடித்த என் நாவல் இன்னொருவருடையது. திரும்ப எழுதி வாங்க ஒரு வருஷம் நடந்தேன்.

ஒப்பந்தம் பற்றிப் பேசும் கைடில் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு வருகிறதா என்று பாருங்கள். அதில் இருப்பது சுருக்கமாக இவ்வளவுதான். உரிமை ஒப்படைப்பு எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். ஆக, ஒன்றும் எழுதாமல் விட்டாலும் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால்தான் வம்பு. சந்தேகம் இருந்தால் ஹைகோர்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தெரிந்த வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பெண்களும் எஸ்சி, எஸ்டி பிரிவினரும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கத் தகுதி உள்ளவர்கள். எனக்கு இது தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

‘லைப்ரரி ஆர்டர் வாங்கித் தருகிறோம்’, ‘விருதுக்கு அனுப்புகிறோம்’ என்ற வாக்குறுதிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அனுப்புவது யார் வேண்டுமானாலும் செய்யலாம். கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள். எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.

கொட்டேஷனைப் பிரித்துக் கேளுங்கள்

நீங்களே வெளியிடுவதாக முடிவு செய்தால், செலவைப் பற்றிச் சொல்லும் கைடு மொத்தத் தொகையாகச் சொல்கிறதா, பிரித்துச் சொல்கிறதா என்று பாருங்கள். டைப்செட்டிங், மெய்ப்பு, அட்டை, தாள், அச்சு, பைண்டிங் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். அச்சகத்தில் ஃபாரம் கணக்கில் பேசுவார்கள். ஒரு ஃபாரம் பதினாறு பக்கம். டெமி என்ற புத்தக அளவில் 240 பக்கம் என்றால் பதினைந்து ஃபாரம். 244 பக்கம் வந்தால் பதினாறாவது ஃபாரத்துக்குப் போய்விடும், நான்கு பக்கத்தை எங்கேயாவது இறுக்கிப் பிடியுங்கள். ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உங்களுக்குச் சொன்ன அதே ஜிஎஸ்எம், அதாவது அதே கனமுள்ள தாளை அங்கே கையில் தொட்டுப் பார்த்து, ரீம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாருங்கள். கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்களுக்கு நடுவே நாவலுக்குத் தாள் விசாரிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைக்காரர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

எத்தனை பிரதி என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே விடை, வாங்கப்போகிறவர்களின் பெயரை எழுதுங்கள். முப்பது பெயர்தான் வந்தால் முப்பது அடியுங்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறையில் அது முடியும். ஒரு பிரதிக்கு விலை கூடுதலாக ஆகும், ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒன்றும் தங்காது.

வேலை முடிந்ததும் திருத்திய கடைசிப் பிரதியை யூனிகோடில் கேட்டு வாங்குங்கள். பக்கம் வடிவமைக்கும் சில டிடிபி கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. கோப்பிலிருந்து ஒரு வரியை எடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வந்தால் நாளைக்கு மின்னூல் போடும்போது முழு நாவலையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். இதைச் சொல்லித் தந்தவர் மின்ட் தெருப் பக்கம் டிடிபி செய்யும் ஒரு அக்கா. “கைடெல்லாம் அப்பறம் படிம்மா, ஃபைல வாங்கு மொதல்ல” என்றார். நான் பார்த்த வெளியீட்டுக் கைடுகள் ஒன்றிலும் இந்த வரி இல்லை.

இங்கேயே கிடைப்பவை

கிளை நூலகங்களில் எழுதும் கலை பற்றிய புத்தகம் அதிகம் இருக்காது. நாவல்கள் இருக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்த பழைய புத்தகக் கடைகளில் பழைய மாத நாவல்கள் கிடைக்கும். இலக்கியம் இல்லை என்று முகம் சுளிக்காதீர்கள். அத்தியாயத்தை எங்கே நிறுத்துவது என்று படிக்க அவற்றைவிட மலிவான பாடம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லாதவர்களுக்குக் கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள்தான் அதிகம், அந்த அமைதி நமக்கும் ஆகும்.

எழுதியதைப் படித்துச் சொல்ல இரண்டு பேரைப் பிடியுங்கள். ஒருவர் நாவல் நிறையப் படிக்கிறவர், இன்னொருவர் உங்கள் கதை நடக்கும் இடத்தைத் தெரிந்தவர். “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், “நல்லாருக்கு” என்பார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, நான் பார்த்த கைடுகள் எல்லாமே விட்டுவிட்டது. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி, புத்தகம் வெளியிடுகிறவர் முப்பது நாளுக்குள் நான்கு பொது நூலகங்களுக்குத் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். கொல்கத்தா, மும்பை, டெல்லி, நான்காவது நம் எழும்பூர் கன்னிமாரா. நீங்களே வெளியிட்டால் அந்தப் பொறுப்பும் உங்களுடையதே. எனக்கு இது தெரிந்தபோது முப்பது நாள் எப்போதோ தாண்டியிருந்தது. புயலில் நனையாமல் தப்பிய பிரதிகளில் முனை மடங்காத ஒன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, கொருக்குப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பாந்தியன் சாலைக்கு நடந்தே போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, வெளியீட்டு வருஷத்தைப் படித்துவிட்டு, “லேட்டா கொண்டாந்திருக்கீங்க” என்றார். வாங்கி வைத்துக்கொண்டார்.